இலைச் சின்னத்தை எதை வைத்து நம்புவது? துரித உணவகங்களும் 'பசுமை' வாக்குறுதிகளும்

துரித உணவகத்தில் பர்கர் வாங்குபவர் அதன் விலையைப் பலகையிலேயே பார்த்துவிடுகிறார். ருசி எப்படி என்பது முதல் கடியில் தெரிந்துவிடும். ஆனால் அதைச் சுற்றித் தந்த தாளில் ஒரு பச்சை இலைப் படமும் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற வரியும் இருந்தால், அது மெய்யா பொய்யா என்பது எப்போது தெரியும்? வாங்கும்போது தெரியாது. சாப்பிடும்போது தெரியாது. தாளைக் கசக்கித் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகும் தெரியாது. அந்தத் தாள் எந்த மரக்கூழிலிருந்து வந்தது, எண்ணெய் ஊறாமலிருக்க அதன்மேல் எதைப் பூசினார்கள், தொட்டியிலிருந்து அது எங்கே போகிறது என்பதெல்லாம் வாடிக்கையாளரின் கண் எட்டாத இடங்களில் நடப்பவை.

பொருளாதார அறிஞர்கள் இந்தச் சிக்கலை அரை நூற்றாண்டுக்கு முன்பே பிரித்துக் காட்டிவிட்டார்கள். 1970ல் பிலிப் நெல்சன், பொருள்களின் தரத்தில் இரண்டு வகை உண்டு என்றார். வாங்குவதற்கு முன்பே பார்த்து அறியக்கூடியது ஒன்று; பயன்படுத்திய பிறகு பட்டு அறியக்கூடியது மற்றொன்று. சட்டையின் நிறம் முதல் வகை, சாம்பாரின் ருசி இரண்டாம் வகை. 1973ல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பயன்படுத்தி முடித்த பிறகும் வாங்கியவரால் தானாகச் சரிபார்க்க முடியாத தரம் அது. காரின் ஒரு பாகத்தை மாற்றியாக வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், மாற்றிய பிறகு வண்டி ஓடுகிறது; ஆனால் மாற்றாமலே ஓடியிருக்குமா என்பது நமக்கு ஒருபோதும் தெரியாது. இங்கே நாம் வாங்குவது பொருளோடு சேர்த்து ஒருவருடைய சொல்லையும்தான். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்பது முழுக்க முழுக்க இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இதனால் யாருக்கு நஷ்டம்? ஏமாந்த வாடிக்கையாளருக்கு என்று சட்டென்று தோன்றும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வேறொருவரையும் காட்டுகிறது. (பிற்பாடு 2001ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க இந்த ஆய்வே முக்கியக் காரணம்.) நல்ல வண்டியையும் ஓட்டை வண்டியையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் எல்லா வண்டிக்கும் ஒரு நடுவாந்தர விலையைத்தான் தருவார். அந்த விலை நல்ல வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். எஞ்சுவது ஓட்டை வண்டிகள். இதை உணவகத்துக்குப் பொருத்திப் பாருங்கள். உண்மையிலேயே செலவு செய்து மட்கும் பெட்டியை வாங்கி, கழிவைத் தனியாகச் சேகரித்து, உரக்கிடங்குவரை அனுப்புகிற ஒருவர் இருக்கிறார். சாதாரணப் பெட்டியில் இலைப் படம் மட்டும் அச்சிடும் இன்னொருவரும் இருக்கிறார். கவுன்டரில் நிற்கும் நமக்கு இருவரும் ஒன்றுபோலவே தெரிகிறார்கள். படம் அச்சிடுபவரின் செலவு சில பைசா. பொய்யான பசுமை முதலில் வீழ்த்துவது நேர்மையான கடைக்காரரைத்தான். எனக்கு இந்த விஷயத்தில் இருக்கும் பெரிய ஆதங்கம் இதுவே.

ஆகவே இங்கே நம்பிக்கை என்பது வாடிக்கையாளரின் மனநிலை மட்டுமல்ல. சொன்னதைச் சொன்னவரைத் தவிர வேறு யாராவது சரிபார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் அதன் அடித்தளம். சில உண்மைச் சம்பவங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

பிரிட்டனின் காகித ஸ்ட்ரா

2018 ஜூனில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள தன்னுடைய 1,361 கடைகளில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குப் பதிலாகக் காகித ஸ்ட்ராவைக் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. அப்போது பிரிட்டனில் மட்டும் அந்தக் கடைகளில் ஒரு நாளைக்கு 18 லட்சம் ஸ்ட்ராக்கள் செலவாகிக்கொண்டிருந்தன. கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பற்றிய கவலை அந்நாட்டு மக்களிடையே உச்சத்தில் இருந்த நேரம். அறிவிப்பைப் பலரும் வரவேற்றார்கள்.

பிறகு புகார்கள் வந்தன. மில்க்ஷேக்கைக் குடித்து முடிப்பதற்குள் ஸ்ட்ரா ஊறிக் குழைந்துவிடுகிறது என்றார்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் திரும்பக் கொண்டுவரக் கோரிய இணைய மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் ஸ்ட்ராவின் சுவரைத் தடிமனாக்கியது. 2019 ஆகஸ்டில் நிறுவனத்தின் உள் குறிப்பு ஒன்று பத்திரிகையில் வெளியானது. புதிய காகித ஸ்ட்ராக்களை இப்போதைக்கு மறுசுழற்சிக்கு அனுப்ப முடியாது, பொதுக் குப்பையில் போடுங்கள் என்று ஊழியர்களுக்கு அதில் சொல்லப்பட்டிருந்தது. அவற்றுக்கு முன்பு இருந்த பிளாஸ்டிக் ஸ்ட்ராவோ மறுசுழற்சி செய்யக்கூடியதாக இருந்தது.

நிறுவனம் தந்த விளக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்ட்ரா செய்த காகிதம் மறுசுழற்சிக்கு ஏற்றதுதான். ஆனால் தடிமன் கூடியதால் கழிவைக் கையாளும் நிறுவனங்களின் ஆலைகளில் அதைப் பதப்படுத்த முடியவில்லை. குப்பைமேட்டில் கொட்டாமல் எரித்து மின்சாரம் எடுக்க அனுப்புகிறோம் என்றார்கள். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் என்ற கோணத்தில் பார்த்தால் காகித ஸ்ட்ரா மேலானது என்றும் வாதிடலாம். ஆனாலும் நம்பிக்கைக்கு அடி விழுந்தது. மாற்றத்தைக் கடையின் வாசலில் அறிவித்தார்கள். அதன் குறையை மட்டும் ஊழியர்களுக்கான குறிப்பில் வைத்தார்கள். வாடிக்கையாளரிடமே முன்கூட்டி, 'இது பிளாஸ்டிக்கைக் குறைக்கிறது, ஆனால் இன்னும் மறுசுழற்சி செய்ய இயலவில்லை, அதற்கு முயன்றுகொண்டிருக்கிறோம்' என்று இரண்டு வரி சொல்லியிருந்தால் அந்தச் செய்திக்கு அவ்வளவு காரம் இருந்திருக்காது.

இங்கே வாசகர் பிரித்துக்கொள்ள வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு பொருளை மறுசுழற்சி செய்ய முடியும் என்பது வேறு. இந்த ஊரில், இந்தத் தொட்டியில் போட்டால் அது மறுசுழற்சி ஆகும் என்பது வேறு. முதலாவது வேதியியல் சார்ந்தது. இரண்டாவது லாரி, தரம்பிரிக்கும் கூடம், ஆலை, அதை வாங்க ஆள் எல்லாம் இருந்தால்தான் நடக்கும். உறையில் அச்சாகும் சொற்கள் பெரும்பாலும் முதலாவதைச் சொல்கின்றன. நாம் அதை இரண்டாவதாக எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

1990: எதிர்த்தரப்பையே உள்ளே அழைத்த கதை

அதே நிறுவனத்தின் இன்னொரு கதை நேர்மாறானது. 1980களில் அமெரிக்காவில் அதன் பர்கர்கள் பாலிஸ்டைரீன் நுரைப் பெட்டியில், அதாவது நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருளில் செய்த பெட்டியில் தரப்பட்டன. அந்த நுரையை ஊதிப் பெருக்க ஓசோன் படலத்தை அரிக்கும் குளோரோஃப்ளூரோகார்பன் வாயுவைப் பயன்படுத்துவதை நிறுத்தப்போவதாக 1987ல் அறிவித்தார்கள். பெட்டிமேல் இருந்த எதிர்ப்பு அதோடு அடங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள்கூடக் காலிப் பெட்டிகளைத் தலைமையகத்துக்கே திருப்பி அனுப்பும் இயக்கம் நடத்தினார்கள்.

1990 ஆகஸ்டில் நிறுவனம், என்விரான்மென்டல் டிஃபென்ஸ் ஃபண்ட் என்ற சூழல் அமைப்புடன் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தது. அந்த ஏற்பாட்டின் நிபந்தனைகளைத்தான் கவனிக்க வேண்டும். சூழல் அமைப்பு நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வாங்கவில்லை. கருத்து வேறுபட்டால் தன் தரப்பைத் தனியாக வெளியிடும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி நுரைப் பெட்டியைக் கைவிடும் அறிவிப்பு வந்தது.

அதற்குப் பதிலாக வந்த சுற்றுத்தாள் குறையற்றது அல்ல. அதிலும் மெல்லிய பாலித்தீன் அடுக்கு இருந்தது; மறுசுழற்சிக்கு அது ஆகாது. நுரைப் பெட்டியை மறுசுழற்சி செய்வோம் என்ற திட்டத்தை அப்போதுதான் தொடங்கியிருந்ததால், 'அதை ஏன் கைவிட்டீர்கள்' என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் நிறுவனம் தந்த காரணம் திட்டவட்டமானது: பெட்டியைவிடத் தாள் மிகக் குறைந்த இடத்தை அடைக்கும், குப்பையின் கன அளவு பெருமளவு குறையும். இது அளந்து பார்க்கக்கூடிய கூற்று. வெளியாளான அந்தச் சூழல் அமைப்பு அதைச் சரிபார்க்கவும் முடிந்தது. 'பசுமையானது' என்ற பொதுச்சொல்லுக்கும், 'இவ்வளவு குறையும், இன்னது இன்னும் தீரவில்லை' என்ற கூற்றுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

கண்ணுக்குத் தெரியாத பூச்சு

சொன்னதில் பொய் இல்லாமலே நம்பிக்கை உடையக்கூடும் என்பதற்குப் பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃப்ளூரின் சார்ந்த வேதிப்பொருள்களின் கதை சான்று. எண்ணெயும் தண்ணீரும் ஊறாதபடி காகிதத்தைக் காக்கும் திறன் இவற்றுக்கு உண்டு. பர்கர் தாள், பிரெஞ்சு ஃப்ரைஸ் பை, பீட்சா பெட்டி எல்லாவற்றுக்கும் இது தேவைப்பட்டது. கார்பனும் ஃப்ளூரினும் இணைந்த பிணைப்பு மிக வலுவானது. அதனால் இந்தப் பொருள்கள் மண்ணிலும் நீரிலும் லேசில் சிதையாமல் தங்கிவிடுகின்றன, உடலிலும் சேர்கின்றன. சில வகைகள் புற்றுநோய், கொலஸ்டிரால் அதிகரிப்பு, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவற்றோடு தொடர்புள்ளவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2017ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்நாட்டுத் துரித உணவகங்களிலிருந்து ஏறத்தாழ 400 உறைகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். உணவைத் தொடும் சுற்றுத்தாள்களில் 46 விழுக்காட்டிலும், அட்டைப் பெட்டிகளில் 20 விழுக்காட்டிலும் ஃப்ளூரின் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னும் வருத்தமான செய்தி வந்தது. உடல்நலத்தையும் சூழலையும் முன்னிறுத்தி விற்கும் நியூயார்க் உணவகங்களில், மட்கும் என்று சொல்லித் தரப்பட்ட நார்க்கூழ்க் கிண்ணங்களிலும் ஃப்ளூரின் சேர்மங்கள் இருப்பது 2019ல் ஒரு பத்திரிகைப் புலனாய்வில் வெளிப்பட்டது. கிண்ணத்தின் நார் மட்கிவிடும். அதிலிருந்த வேதிப்பொருள் மட்காமல் உரத்தோடு வயலுக்குப் போகும். நல்லது செய்கிறோம் என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுத்தவர்களின் கையாலேயே இது நடந்தது.

இதைத் தீர்த்தது எப்படி என்பதும் முக்கியம். கடைக்காரரின் மனமாற்றம் மட்டும் போதவில்லை. மட்கும் பொருள்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பு, வேண்டுமென்றே ஃப்ளூரின் சேர்மம் சேர்த்தவற்றுக்கு 2020 முதல் சான்று தர மறுத்தது. டென்மார்க் அதே ஆண்டு ஜூலையில் உணவுக் காகிதங்களில் இந்த வேதிப்பொருள்களைத் தடை செய்தது. பெரிய உணவகங்கள் ஒவ்வொன்றாகக் காலக்கெடு அறிவித்தன. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், எண்ணெய் தடுக்க இவற்றைப் பூசிய உணவு உறைப் பொருள்கள் இனி அந்நாட்டுச் சந்தையில் விற்கப்படுவதில்லை என்று அறிவித்தது. ஆய்வகம், பத்திரிகை, சான்றளிப்பவர், சட்டம் என்று நான்கு வெளிக்கண்கள் பார்த்த பிறகே வாடிக்கையாளர் அறிய முடியாத ஒன்று சரியானது.

'மட்கும்' என்ற சொல்லுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. சோளம், கரும்பு போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். குளிர்பானக் குவளையாக வருகிறது. இது மட்கும், உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தொடர்ந்து காக்கும் தொழில்முறை உரக்கிடங்கில்தான் மட்கும். வீட்டுத் தோட்டத்துக் குழியிலோ, சாக்கடையிலோ, கடலிலோ அது ஆண்டுக்கணக்கில் பிளாஸ்டிக்காகவே கிடக்கும். மறுசுழற்சித் தொட்டியில் போனால் மற்ற பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். இந்தியாவில் மட்கும் பிளாஸ்டிக் விற்பவர் ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றைப் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. சான்று இருந்தாலும், அதைச் சேகரித்துக் கிடங்குக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு உங்கள் ஊரில் இல்லையென்றால் அந்தக் குவளை மற்றக் குப்பையோடுதான் சேரும்.

காகிதம் என்றால் நல்லதா?

நம் மனம் எவ்வளவு எளிதில் காகிதத்தை நம்பிவிடுகிறது என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 2023ல் வெளியானது. பிளாஸ்டிக் உறையில் வந்த பொருள் ஒன்று. அதே பிளாஸ்டிக் உறைக்கு மேல் கூடுதலாகக் காகிதமும் சுற்றிய பொருள் இன்னொன்று. இரண்டாவதுதான் சூழலுக்கு நல்லது என்று மக்கள் மதிப்பிட்டார்கள். பிளாஸ்டிக் அளவு மாறவில்லை, குப்பைதான் கூடியிருக்கிறது. இருந்தும் காகிதம் கண்ணில் பட்டவுடன் தீர்ப்பு மாறிவிட்டது.

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. மறுசுழற்சித் தொட்டி பக்கத்தில் இருந்தால் மக்கள் கூடுதலாகக் காகிதத்தைச் செலவழிக்கிறார்கள் என்று 2013ல் வெளியான பரிசோதனைகள் காட்டின. தொட்டி இருக்கிறது என்ற நிம்மதி கையை அவிழ்த்துவிடுகிறது. ஆதலால் எளிதில் நம்பிவிடுவதும் தீங்குதான். குறைவாகப் பயன்படுத்துவது என்ற முதல் வழியையே அது மறக்கச் செய்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் நேரடியாகத் தெரியும். 2019 ஜனவரி 1 முதல் இங்கே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளும் இருந்தன. டீக்கடைக்காரர்கள் பலருக்கு இது புரியவில்லை, காகிதம்தானே என்றார்கள். சூடான டீ காகிதத்தில் நிற்க வேண்டுமென்றால் உட்புறம் பாலித்தீன் பூச்சு வேண்டும். காகிதத்தையும் பாலித்தீனையும் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். சாதாரணப் பழைய காகிதத்தோடு அதைச் சேர்க்க முடியாது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020ல் காட்டியபடி, 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இப்படிப்பட்ட குவளையில் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. உற்பத்தியாளர்கள் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் நீதிமன்றம் பூச்சுக் குவளைகள் மீதான தடை செல்லும் என்றது. இதனால் வேலை இழந்த சிறு ஆலைக்காரர்களின் துயரம் உண்மையானது. அதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் காகிதம் என்ற தோற்றத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்ட வகையில் அந்தத் தடை சரியான கேள்வியைத்தான் கேட்டது.

இயற்கையானது என்ற சொல்லும் தானாகப் பாதுகாப்பைத் தந்துவிடாது. நம் பந்திகளில் பழகிய பாக்குமட்டைத் தட்டுகளை 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்கிலுள்ள அல்கலாய்டு என்ற இயற்கை வேதிப்பொருள்கள் உணவில் கலக்கக்கூடும் என்று கூறி, உணவைத் தொடும் பொருளாக ஏற்க மறுத்தது. அந்த முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். சூழலுக்கு நல்லது, உடலுக்கு நல்லது என்ற இரண்டும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டியவை என்பதை மட்டும் மறுக்க முடியாது.

உறைக்குள் இருப்பதைப் பற்றி

இதுவரை உறைகளைப் பற்றியே பேசிவிட்டோம். உணவகங்களும் அதைத்தான் விரும்புகின்றன. ஏனென்றால் உறையை மாற்றுவது, உள்ளே இருப்பதை மாற்றுவதைவிட எளிது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் பூர், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாமஸ் நெமெசெக் இருவரும் 2018ல், 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்தார்கள். இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாடுகளிலிருந்து ஒரு கிலோ இறைச்சி கிடைப்பதற்குள், கார்பன் டை ஆக்சைடு அளவில் கணக்கிட்டால் சராசரியாக 100 கிலோ அளவுக்குப் பசுங்குடில் வாயுக்கள் வெளியாகின்றன. கோழிக்கு இது 10 கிலோவுக்கு அருகில். பட்டாணிக்கு ஒரு கிலோவுக்கு அருகில். சில கிராம் எடையுள்ள ஸ்ட்ராவோ தாளோ இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். மாட்டிறைச்சி பர்கரை முதன்மையாக விற்கும் ஒரு நிறுவனம் ஸ்ட்ராவைப் பற்றி விரிவாகவும் இறைச்சியைப் பற்றிச் சுருக்கமாகவும் பேசினால், அங்கே அளவு தவறியிருக்கிறது. (இந்தியாவில் இந்தப் பன்னாட்டு பர்கர் கடைகளில் பல மாட்டிறைச்சி விற்பதில்லை, அதனால் இங்கே கணக்கு வேறு. பாலாடைக்கட்டியும் கோழியும் அதில் பெரிய இடம் பிடிக்கும்.)

இறைச்சியைப் பற்றிப் பேசினாலும் எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 2020 ஜூலையில் பர்கர் கிங் நிறுவனம், மாட்டுத் தீவனத்தில் எலுமிச்சம்புல் சேர்ப்பதால் மீத்தேன் வெளியீடு 33 விழுக்காடு வரை குறைகிறது என்று விளம்பரம் செய்தது. அந்தக் குறைவு மாட்டின் வாழ்நாளின் கடைசி மூன்று நான்கு மாதங்களுக்கான கணக்கு. மேய்ச்சல் நிலத்தில் அதற்கு முன்பு அது கழித்த காலம் அந்த எண்ணில் இல்லை. பெரிய எழுத்தில் வந்த 33ஐப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கால வரம்பைக் கவனித்திருப்பார்கள்? விஞ்ஞானிகளும் விவசாயிகளும் அந்த விளம்பரத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம், அந்நிறுவனத்தின் தாவர பர்கர் விளம்பரங்களைத் தடை செய்திருந்தது. முழுக்கத் தாவரம் என்ற எண்ணத்தைத் தந்த அந்த பர்கரில் முட்டை சேர்ந்த மயோனைஸ் இருந்தது. இறைச்சி சுடும் அதே அடுப்பில்தான் சுட்டார்கள். சைவ உணவினருக்குப் பொருந்தாது என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் இருந்தது. அது போதாது என்றது ஆணையம்.

ஸ்வீடனின் மேக்ஸ் என்ற பர்கர் உணவகம் 2008லேயே வேறு வழியில் போனது. பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் அதன் கார்பன் அளவை அச்சிட்டது. தன் மாட்டிறைச்சி பர்கரின் எண் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதைத் தானே காட்டிக்கொண்டது. தனக்குச் சாதகமில்லாத எண்ணையும் வெளியிடுபவரை மக்கள் நம்புவார்கள், நான் நம்புவேன்.

யார் பணத்தில் செய்த ஆய்வு?

இன்னொரு சிக்கலையும் தொட்டுவிட வேண்டும். பிரான்ஸில் 2023 ஜனவரி 1 முதல், 20க்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ள உணவகங்கள் உள்ளே அமர்ந்து சாப்பிடுபவர்களுக்குக் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் பாத்திரங்களில்தான் உணவு தர வேண்டும். இப்படிப்பட்ட சட்டங்கள் ஐரோப்பா முழுவதும் வரும் என்ற பேச்சு எழுந்தபோது, ஒருமுறைக் காகிதப் பாத்திரமே சூழலுக்கு மேலானது என்று சொல்லும் ஆய்வுகள் வெளிவந்தன. அவற்றில் முக்கியமான ஒன்றுக்குப் பணம் தந்தது காகித உறைத் தொழிலின் கூட்டமைப்பு. இதனாலேயே அந்த ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. ஒரு டம்ளரை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்துவோம், எவ்வளவு சூடான நீரில் கழுவுவோம், அந்தச் சூட்டுக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தொடக்கத்தில் வைக்கும் அனுமானங்களே விடையைத் தீர்மானிக்கின்றன. அந்த அனுமானங்கள் வெளிப்படையாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் முறை. நம் ஓட்டல்களில் எவர்சில்வர் டம்ளரும் டபராவும் பல்லாயிரம் முறை கழுவப்பட்டுத் திரும்பிவருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த எண்ணிக்கைதான் கணக்கின் உயிர்நாடி என்பது விளங்கும்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

2020ல் ஐரோப்பிய ஆணையம் பல்வேறு துறைகளின் விளம்பரங்களை ஆராய்ந்தபோது, சூழல் சார்ந்த கூற்றுகளில் 53 விழுக்காடு தெளிவற்றவையாகவோ, தவறாக வழிநடத்துபவையாகவோ, ஆதாரமற்றவையாகவோ இருந்தன. அதன் தொடர்ச்சியாக 2024ல் ஒரு சட்ட ஆணை வந்தது. 2026 செப்டம்பர் 27 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், நிரூபிக்கப்பட்ட மேலான செயல்பாடு இல்லாமல் 'பசுமையானது', 'சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுச்சொற்களைப் பொருள்மீது அச்சிட முடியாது. முறையான சான்றளிப்பு ஏற்பாடு இல்லாமல் நிறுவனமே உருவாக்கிக்கொள்ளும் பசுமை முத்திரைகளுக்கும் இடமில்லை.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று, 'பசுமைப் பூச்சு' விளம்பரங்களை, அதாவது பசுமையானதுபோலக் காட்டி ஏமாற்றும் விளம்பரங்களை, தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'பசுமை', 'சூழலுக்கு உகந்தது', 'நிலைத்த வளர்ச்சி', 'கார்பன் சமன்' போன்ற சொற்களைப் பயன்படுத்தினால், அது எதைக் குறிக்கிறது என்ற விளக்கமும் ஆதாரமும் கூடவே தரப்பட வேண்டும். முழுப் பொருளா, உறை மட்டுமா, தயாரிப்பு முறை மட்டுமா என்று சொல்ல வேண்டும். ஆதாரத்தை விளம்பரத்திலோ, கியூஆர் குறி வழியாகவோ, இணைய முகவரி வழியாகவோ காட்டலாம். பச்சை நிறத்தையும் இயற்கைப் படங்களையும் பொதுவாகப் பயன்படுத்துவதை, அது ஏமாற்றாக அமையாதவரை, இந்த நெறிகள் தடுப்பதில்லை. ஆகவே இலைப் படத்தை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வராமலிருப்பது இன்னமும் நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை உணவகத்தில் ஒரு பசுமை வாசகத்தைப் பார்க்கும்போது, அது எந்தப் பாகத்தைப் பற்றியது என்று முதலில் பாருங்கள்: மூடியா, குவளையா, உள்ளே இருக்கும் உணவா? பிறகு, இதை எங்கே போட வேண்டும், அங்கிருந்து எங்கே போகும் என்று கவுன்டரில் கேளுங்கள். உணவகத்தில் மூன்று நிறத் தொட்டிகள் இருந்தால், இரவில் அவற்றைத் தனித்தனியாக எடுக்கிறார்களா என்றும் கேட்கலாம். பணிவாகக் கேட்டால் ஊழியர்கள் உள்ளதைச் சொல்வார்கள். 'மட்கும்' என்று அச்சிட்டிருந்தால் சான்று எண்ணைத் தேடுங்கள். கியூஆர் குறி இருந்தால் திறந்து பாருங்கள். அது ஆதாரத்துக்குப் போகிறதா, இன்னொரு விளம்பரப் பக்கத்துக்குப் போகிறதா என்பதே நிறைய சொல்லிவிடும். விடை திருப்தியாக இருந்தால் அந்தக் கடையில் தொடர்ந்து வாங்குங்கள், நண்பர்களிடமும் சொல்லுங்கள். செலவு செய்து சரியாக நடப்பவர் தாக்குப்பிடிக்க அதுதான் உதவும்.

ஆதாரமில்லாத கூற்று என்று தோன்றினால் உறையையும் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அந்தக் குவளை மட்கவில்லை என்பதை நீங்கள் ஆய்வகத்தில் நிரூபிக்கத் தேவையில்லை. மட்கும் என்று சொன்னவர்தான் ஆதாரத்தை எடுத்து வைக்க வேண்டும்.